சைக்கிளில் ஒரு கடற்கரைப் பயணம்: பிள்ளைகளை அனுப்பும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



சென்ற ஆண்டு சாரல் காலம் முடிந்த கையோடு நம் பகுதியில் ஒரு ஜனாஸா. பிள்ளைக்கு வயது பத்தொன்பது. நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் கடற்கரை பார்க்கப் போனவன். ஒரே வண்டியில் மூன்று பேர், தலைக்கவசம் இல்லை. அன்று மையவாடியில் அடக்கம் முடிந்து திரும்பும்போது வாப்பாமார் சிலர் எங்களிடம் கேட்டார்கள்: "போகாதே என்றால் பிள்ளைகள் கேட்பதில்லை. லீவு நாளில் வேறு எங்கேதான் அனுப்புவது?"

அப்போது எங்களிடம் பதில் இல்லை. பிறகு டிரஸ்ட் கூட்டத்தில் பலமுறை பேசி, இந்த ஜனவரியில் ஒரு முயற்சி செய்தோம். 11 பிள்ளைகள், 4 பெரியவர்கள், எல்லாரும் சைக்கிளில், கன்னியாகுமரியிலிருந்து தேங்காப்பட்டினம் வரை கடலோரமாக. மூன்று நாள் பயணம். அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் நலமாக வீடு திரும்பினோம். ஆனால் தவறு எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. என்ன செய்தோம், எங்கே தவறினோம், அடுத்த முறை எப்படிப் போவது என்பதை ஜமாஅத்தார் அனைவரும் அறிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஏன் இந்தச் சாலை?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை, கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையான நீரோடி வரை நீள்கிறது. அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரியாக ஒரு சதுர கி.மீ.க்கு 555 பேர் வசிக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் அது 1,100-க்கும் மேல். அதாவது இரண்டு மடங்கு.

ஆளில்லாத காட்டுச் சாலையில் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவார்கள். இங்கே அந்த அச்சம் வேண்டாம். தண்ணீர், டீக்கடை, பஞ்சர் கடை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எதுவும் தூரமில்லை. பாதி வழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் பஸ் ஏற்றி அனுப்பிவிடலாம்.

நமக்கு உறவில்லாத சீமையும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே நாளில்தான் குமரியின் நான்கு தாலுகாக்களும் சேர்ந்தன. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி பீர் முஹம்மது அப்பா பிறந்தது நம் தென்காசியில்தான் என்பதும் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. நம் மூன்றாம் நாள் பயணத்தைத் தக்கலையில் முடிக்கும்படி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்ற இறக்கம் ஏமாற்றும்

கடற்கரைச் சாலை என்றால் தட்டையாக இருக்கும் என்றே நாங்களும் நினைத்தோம். ராஜாக்கமங்கலம் வரை அப்படித்தான் இருந்தது. முட்டத்தை நெருங்கும்போது செம்மண் மேடுகளும் பாறைகளும் கடலை ஒட்டி வந்துவிடுகின்றன. அதன் பிறகு சாலை மேட்டில் ஏறுகிறது, ஆற்றுமுகத்துக்கோ மீனவர் குடியிருப்புக்கோ இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

ஒவ்வோர் ஏற்றமும் சின்னதுதான். ஓர் ஏற்றம் 15 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருபது ஏறினால் 300 மீட்டர், ஒரு குன்றின் மேல் ஏறியதற்குச் சமம். பிள்ளைகளுக்கு அது கணக்கில் தெரியாது. மாலையில் தொடையில் தெரியும்.

இன்னொன்றையும் நாங்கள் போன பிறகுதான் புரிந்துகொண்டோம். வெறும் மேடு பள்ளமான சாலையில், இறக்கத்தில் கிடைக்கும் வேகம் அடுத்த ஏற்றத்துக்குப் பாதி உதவி செய்யும். ஆனால் இங்கே ஒவ்வோர் இறக்கத்தின் அடியிலும் ஓர் ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், சாலையோரம் காயும் வலை, மீன் சந்தை, வேகத்தடை, குறுக்கே வரும் ஆடு. வேகம் கிடைக்கும் இடமும் பிரேக் பிடிக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வோர் ஏற்றத்தையும் நின்ற நிலையிலிருந்து மிதித்துத்தான் ஏற வேண்டியிருக்கும்.

அதனால் இந்தச் சாலையில் மணிக்கு 10 கி.மீ. என்றே கணக்கு வையுங்கள். கியர் இல்லாத சைக்கிளாக இருந்தால் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. முதல் நாளே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் இறங்க வெட்கப்பட்டு மிதிப்பான், மற்றவனும் அவனைப் பார்த்து மிதிப்பான், இரண்டு பேருக்கும் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் செய்த தவறு

முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து குளச்சல் வரை சுமார் 45 கி.மீ. வைத்தோம். காலையில் எல்லாம் சுகமாகப் போனது. முட்டம் கலங்கரை விளக்கத்தருகே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது அஸர் நேரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் களைத்திருந்தார்கள். இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும் என்று நாங்களே அவசரப்படுத்தினோம்.

முட்டத்துக்கு மேற்கே ஓர் இறக்கத்தில் நம் பிள்ளை ஒருவன் பிரேக் பிடிக்காமல் இறங்கினான். அடியில் ஒரு வயதான அம்மா தலையில் மீன் கூடையோடு சாலையைக் கடந்தார். இவன் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பியதில் ஹேண்டில் பார் கூடையில் இடித்து, மீன் எல்லாம் தெருவில். அவன் மணலில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லாஹ்வின் கிருபை.

ஊர் கூடிவிட்டது. பெரியவர்கள் முன்னே போய் ஸலாமத்தாக மன்னிப்புக் கேட்டோம், மீனுக்குப் பணம் கொடுத்தோம். அந்த அம்மா கூடைக் கணக்குக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பையனின் கையைப் பார்த்துவிட்டு, "மக்களே, முதல்ல அந்தப் பிள்ளைக்கு இத்திரி வெள்ளம் கொடுங்கோ" என்றார். அந்தப் பக்கத்தில் குடிதண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். பையன்கள் தெருவில் குனிந்து மீன் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு குளச்சலில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். அந்த இறக்கத்தில் அவன் ஓட்டி வந்தது மோட்டார் சைக்கிளாக இருந்திருந்தால், பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஜனாஸாவில் நின்ற பிள்ளைகள்தானே அவர்களும்.

தவறு பையனுடையது மட்டுமல்ல. களைத்த பிள்ளைகளை நேரம் பார்த்து விரட்டியது நாங்கள். அடுத்த முறை மணக்குடியிலிருந்தே புறப்படுவோம். முதல் நாளில் 10 கி.மீ. குறையும். கன்னியாகுமரியை முந்தின நாள் மாலையே பார்த்துவிடலாம்.

எந்தக் காலத்தில் போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் வருவது போல, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மலையைக் கடக்கிறது. அங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் மேற்கு நோக்கி சைக்கிள் மிதித்தால் காற்று முகத்தில் அறையும், கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஏப்ரல், மே வெயில் தாங்காது. ஆக ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற காலம். அப்போதும் பிற்பகலில் கடற்காற்று எழும். பஜ்ரு தொழுதுவிட்டு, வெளுத்ததும் புறப்பட்டு, 11 மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும்.

மூன்று நாள் வழி

தென்காசியிலிருந்து நாகர்கோவில் நூறு கி.மீ.க்கு மேல். அதில் ஒரு பகுதி லாரிகள் ஓடும் பெருஞ்சாலை, அதைப் பிள்ளைகள் சைக்கிளில் கடக்க வேண்டாம். சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றிக் கட்டி அனுப்பிவிட்டு, நாம் பஸ்ஸில் போவதே நல்லது.

முதல் நாள்: மணக்குடியிலிருந்து குளச்சல், சுமார் 35 கி.மீ. மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. நம் பிள்ளைகள் பிறக்கும் முன் நடந்தது அது. இப்போதுள்ள பாலத்தில் நிறுத்திக் காட்டியபோது, அத்தனை பெரிய பாலத்தைத் தண்ணீர் எப்படித் தூக்கியது என்று நம்பாமல் கேட்டார்கள். மணவாளக்குறிச்சியில் மண் கறுப்பாக இருக்கும். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் அது.

இரண்டாம் நாள்: குளச்சலிலிருந்து தேங்காப்பட்டினம், 20 கி.மீ.க்குள். தூரம் குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம். புறப்படும் முன் குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித் தூணைப் பாருங்கள். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நினைவு அது. குறும்பனை, மிடாலம், இனயம் வழியாகக் குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டினம். பழமையான பள்ளிவாசல் உள்ள ஊர். ஆற்றுக்கு அப்பால் தூத்தூர், வள்ளவிளை ஊர்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்கள் பலர் அந்த ஊர்க்காரர்கள்.

மூன்றாம் நாள்: தேங்காப்பட்டினத்திலிருந்து கருங்கல் வழியாகத் தக்கலை. கடலை விட்டு உள்ளே வரும் இந்தப் பாதையும் மேடும் பள்ளமும்தான், ஆனால் ரப்பர், தென்னை நிழல் உண்டு. அப்பாவின் தர்ஹாவும் பத்மநாபபுரம் அரண்மனையும் பார்க்கலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி, பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தவராகி, இங்கேயே இறந்தார்.

சைக்கிள்

புதிதாக வாங்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது. எங்களோடு வந்த 11 பிள்ளைகளில் 7 பேர் கொண்டுவந்தது அதைத்தான். பார்த்துக்கொள்ள வேண்டியவை:

1. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இந்தச் சாலையில் மிக முக்கியமானது இதுதான். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கப் பழக்குங்கள்.

2. சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

3. பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், தலைக்கவசம். இவை இல்லாதவரைச் சேர்க்க மாட்டோம். மஃரிபுக்குப் பின் ஓட்டக் கூடாது.

4. குழுவுக்கு இரண்டு பம்பு, பஞ்சர் சாமான், மாற்று டியூப். ஒட்டத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

5. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று ஒரு வாரத்தில் செயினைத் தின்றுவிடும்.

போகும் முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி அவசியம். தென்காசி, குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை, மறுபடி தென்காசி என்று ஒரு சுற்று வந்தால் இருபது, இருபத்தைந்து கி.மீ. ஆகும். அந்த ஏற்ற இறக்கம் கடற்கரைச் சாலைக்கு நல்ல ஒத்திகை. சீசன் கூட்டம் இல்லாத மாதங்களில் செய்யுங்கள்.

தண்ணீரும் உணவும்

தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிக்க வேண்டும். மயக்கம், தலைவலி, வியர்வை நின்றுபோதல் இருந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. காலையில் வயிறு நிறையப் பரோட்டா வேண்டாம். இட்லி, வாழைப்பழம், இடையிடையே பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. மிதிக்கும்போது சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை

இது நாம் கடந்து போகும் சாலை. அவர்களுக்கோ அது வாசல், முற்றம், மீன் காயப்போடும் களம். சாலையோரம் விரித்த வலை மேல் சக்கரம் ஏறக் கூடாது. ஒரு வலை என்பது ஒரு குடும்பத்தின் முதல். ஒருவர் பின் ஒருவராக இடது ஓரத்தில் போக வேண்டும். ஊருக்குள் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, பெல் அடித்து, நடக்கும் வேகத்துக்கு வர வேண்டும். பெண்கள் வலை பின்னும் இடத்தில், மீன் விற்கும் இடத்தில் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் கூட்டம் சாலை முழுக்க இருக்கும். அந்த நேரத்தில் இறங்கி உருட்டிக்கொண்டே போங்கள். குப்பையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மதரஸாவில் படித்துவிட்டு, நாமே பாதைக்குத் தொல்லையாகக் கூடாது.

தொழுகையும் தங்கலும்

குளச்சல், தேங்காப்பட்டினம் இரண்டு ஊர்களிலும் பள்ளிவாசல்கள் உண்டு. தங்குவதற்கு முன்கூட்டியே அந்த ஜமாஅத்துக்கு நம் ஜமாஅத்தின் கடிதமும் வருவோர் பட்டியலும் அனுப்ப வேண்டும். நேரில் போய் நின்று கேட்பது அவர்களுக்குச் சங்கடம். பயணத்தில் ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கித் தொழும் சலுகை, சேர்த்துத் தொழுவது ஆகியவற்றில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. நம்மில் இரு சாராரும் இருப்பதால் புறப்படும் முன் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இடையில் நிற்கும் இடங்களை வக்து பார்த்து அமைத்துக்கொண்டால் ஓய்வும் தானாகக் கிடைக்கும்.

கடலில் இறங்க வேண்டாம்

அருவியில் குளித்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். தண்ணீரைக் கண்டால் பயம் வராது. அதுதான் ஆபத்து. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில், காற்றோ மழையோ இல்லாமல் எழுந்த அலையில் சிக்கி ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். இப்படித் திடீரென வரும் அலையைக் கள்ளக்கடல் என்பார்கள். அதே மாதம் நம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இந்தப் பயணத்தில் கடலில் கால் நனைப்பது கூட, உள்ளூர் மீனவர் ஒருவர் சரி என்று சொன்ன இடத்தில் மட்டும். குளியல் கிடையாது. இந்த நிபந்தனையில் விட்டுக்கொடுக்க முடியாது.

பெற்றோர்களுக்கு

இந்தப் பயணம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் ஆசையைப் போக்கிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கூடையில் இடித்த அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில் வண்டி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று அவன் வாப்பா சொன்னார். ஆனால் இப்போது தலைக்கவசமும் சேர்த்துக் கேட்கிறானாம். தம்பி பின்னால் உட்கார்ந்தால் மெதுவாக ஓட்டு என்று நண்பனுக்குச் சொன்னதையும் கேட்டிருக்கிறார். எங்களுக்கு அது போதும்.

பெண் பிள்ளைகளுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று சில உம்மாமார் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அரசு சைக்கிள் அவர்களுக்கும்தான் கொடுத்திருக்கிறது. தாய்மார் பொறுப்பில், உள்ளூரிலேயே ஒரு காலைப் பயணமாகத் தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். பொறுப்பேற்க முன்வருவோர் அலுவலகத்தில் தெரிவிக்கவும்.

அடுத்த பயணம் இன்ஷா அல்லாஹ் வரும் ஜனவரியில். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோர் கையொப்பம், மூன்று பயிற்சி நாள், பிரேக் பரிசோதனை, இவை முடித்தவர்கள் மட்டும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், ஆகவே வாப்பாமாரும் சைக்கிளைத் தூசி தட்டுங்கள். பழைய சைக்கிள் வீட்டில் சும்மா கிடந்தால் டிரஸ்ட்டுக்குக் கொடுங்கள். சீர் செய்து, இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

வீட்டை விட்டுப் புறப்படும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.